டின் பிஷப்ஸின் மூன்றாவது தட்டு

தங்கத்தாய் தனக்குத்தான் என்பதில் ஜெயச்சந்திரனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவள் அவனுக்குச் சொந்த அத்தை மகள். முறைப்பெண். பாவாடை கட்டிய வயதிலிருந்தே சொந்தபந்தம் இருவரையும் சேர்த்து வைத்துக் கேலி பேசியிருக்கிறது. படிக்க மதுரைக்குப் போனாள், திரும்பி வந்தாள், வந்த பிறகு இவனைப் பார்த்தால் "வாங்கத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வதில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன்.

அந்தக் கணக்கைக் குலைத்தது ஓர் இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டி. 'தி டின் பிஷப்ஸ்' என்று பெயர். தகரப் பாதிரியார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பக்கம் எங்கேயோ நாலு பேர் தலைமுடியை வளர்த்துக்கொண்டு கிதாரைத் தட்டியதற்குச் சிவகாசியில் ஒருவன் வயிறெரிய வேண்டியிருந்தது. அது அறுபத்தெட்டாம் வருஷம்.

தங்கத்தாயின் அண்ணன் சங்கரபாண்டியனுக்கு அச்சங்குளம் போகிற வழியில் பட்டாசுக் கம்பெனி. அப்பா போன பிறகு கம்பெனியிலும் வீட்டிலும் அவன் வைத்ததுதான் சட்டம். அவனைப் பெற்றவளே எதைக் கேட்டாலும் "பெரியவன் வரட்டும்" என்பாள். பம்பாயில் ஒரு வியாபாரி அவனுக்கு ரெக்கார்டு பிளேயரும் டின் பிஷப்ஸின் இரண்டு இசைத்தட்டுகளும் பரிசாகக் கொடுத்தனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு, மாடி அறையில் காற்றாடியைச் சுழலவிட்டு, அந்தத் தட்டுகளைப் போட்டுக் கேட்பது அவனுக்கு வழக்கமாயிற்று. தனியாகக் கேட்டால் ருசிக்காது. தலையாட்ட ஆள் வேண்டுமே. மாமன் மகன் ஜெயச்சந்திரன் போய் உட்கார்ந்தான்.

ஜெயச்சந்திரனின் அப்பா லேபிள் அச்சாபீஸ் வைத்திருந்தார். சங்கரபாண்டியன் கம்பெனிப் பட்டாசுக்கு ஒட்டுகிற படமெல்லாம் அங்கேதான் அச்சானது. அதனால் மச்சான் எதற்குத் தலையாட்டச் சொன்னாலும் ஆட்டுவதற்கு இவன் கழுத்து பழகியிருந்தது. பாட்டு இவனுக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போலத்தான் கேட்டது. ஆனால் மூன்று மணிக்குத் தங்கத்தாய் காப்பி கொண்டு வருவாள். அதற்காக எந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு லட்சுமிகாந்தம் வந்து சேர்ந்தான். காரியாபட்டிக்காரன், ஒரே சாதிசனம், சுமாரான குடும்பம். கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். வெளிநாட்டு ஆர்டருக்குப் போகிற பட்டாசு விலைப்பட்டியலில் இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்க வந்தவன், மாடியிலிருந்து பாட்டுக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, இது டின் பிஷப்ஸ்லா? இங்கன எப்படி?" என்றான்.

சங்கரபாண்டியனுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் கூட்டம் மூன்று பேர் கூட்டமானது. கேட்பது போய் வாதாடுவது ஆரம்பித்தது.

முதல் தட்டுதான் ஒசத்தி என்பான் சங்கரபாண்டியன். அதில் டிரம்முக்காரன் அடிக்கிற அடி சரவெடி மாதிரி இருக்குமாம். இரண்டாவது தட்டில் ஆர்கனை நுழைத்துச் சர்ச்சுப் பாட்டாக்கிவிட்டான்கள் என்பான். லட்சுமிகாந்தம் ஒத்துக்கொள்ள மாட்டான். "மொதத் தட்டுல சத்தம் போட்டாக அண்ணாச்சி. ரெண்டாவதுலதான் யோசிக்க ஆரம்பிச்சிருக்காக. டிரம்மு எப்ப அடிக்காம இருக்குன்னு கவனிங்க, அங்கனதான் பாட்டே இருக்கு" என்பான். அவர்கள் பாட்டில் எதுகை சரியாக விழாது, விழப்போகிற இடத்தில் வேண்டுமென்றே இடறிவிடுவார்கள், அதுதான் அவர்கள் பாணி என்று தாளம் போட்டுக் காட்டுவான்.

ஓடக்காரன் பாட்டு என்று ஒன்று. ஆற்றில் ஒருவன் நாள் முழுக்க ஓடம் தள்ளுகிறான், யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. அவ்வளவுதான் பாட்டு. அதற்கு அர்த்தம் சொல்வதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

"அது மொதலாளி படுற பாடுலே" என்பான் சங்கரபாண்டியன். "ஒத்தையில கெடந்து துடுப்புத் தள்ளுதான். எவனாவது அவன்கிட்டச் சாப்பிட்டியான்னு கேக்கானா?"

"இல்ல அண்ணாச்சி. அவன் கரைக்குப் பயந்தவன். கரையில எறங்குனா யார் மொகத்தையாவது பாக்கணும்லா?"

சங்கரபாண்டியன் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதில் ஒரு முதலாளி கஷ்டப்படுவான். லட்சுமிகாந்தம் சிரித்துக்கொண்டே மறுப்பான். கம்பெனியில் ஒரு பயல் எதிர்த்துப் பேசியதில்லை ஆதலால், பாட்டு விஷயத்தில் எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருப்பது சங்கரபாண்டியனுக்கு மோரில் ஊறுகாய் தொட்டுக்கொண்ட மாதிரி சுகமாக இருந்தது. தோற்பதாகக் காட்டிக்கொள்வான். பணக்காரனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்பது காரியாபட்டி வாத்தியாருக்குத் தெரியவில்லை.

காப்பி கொண்டு வருகிற தங்கத்தாய் கதவோரம் நிற்கத் தொடங்கினாள். அவளும் மதுரை விடுதியில் இந்தப் பாட்டுகளைக் கேட்டவள்தான். ஒரு நாள் லட்சுமிகாந்தம் சொன்னதற்கு அவள் தலையை லேசாக ஆட்டியதை ஜெயச்சந்திரன் பார்த்துவிட்டான். அவனுக்குக் காப்பி கசந்தது.

சித்திரை பிறந்த சமயம் சங்கரபாண்டியன் அதைச் சொல்லியே விட்டான். "ஏலே ஜெயா, தங்கத்தாயக் காந்தத்துக்குக் கொடுத்தா என்னன்னு தோணுது. அவளுக்கும் சம்மதம்னு அம்மா சொல்லுதா. வார வெள்ளிக்கிழமை அவுக ஆத்தா தாம்பூலத் தட்டோட வாராக. பாட்டுக் கேக்க ஆளும் வீட்டோட கெடப்பான்லா. நீ என்ன சொல்லுத?"

முறை என்று ஒன்று இருக்கிறதே, நான் இருக்கிறேனே என்று கத்தியிருக்க வேண்டும். ஜெயச்சந்திரன், "நல்ல எடம் மச்சான்" என்றான். வெளியே வந்து சைக்கிள் சக்கரத்தை உதைத்தான்.

மச்சானைப் பற்றி அவனுக்கு ஒன்று தெரியும். பொய் சொல்கிறவனைச் சங்கரபாண்டியனுக்கு அறவே ஆகாது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மாரியம்மன் பொங்கல் பார்க்கப் போன ஒரு போர்மேனைக் கம்பெனி வாசலில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "நான் புளுகன்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் வெளியே அனுப்பினான். வாத்தியாரை ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டால் போதும். எல்லாம் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவனுக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு வராது. இல்லாத ஒரு பாட்டை நீட்டினால் கேட்டிருக்கிறேன் என்பான், அர்த்தமும் சொல்வான். அப்புறம் உடைத்துவிடலாம். இதுதான் ஜெயச்சந்திரன் போட்ட திட்டம்.

சிவகாசியில் அச்சடிக்க முடியாத பொருள் உண்டா? டின் பிஷப்ஸின் மூன்றாவது தட்டுக்கு உறை தயாரானது. தட்டு கப்பலில் வரும்போது நொறுங்கிவிட்டது, உறை மட்டும் தப்பியது என்று சொல்லிக்கொள்ளலாம். உறையின் பின்பக்கம் ஒரு பாட்டு. அதை அகராதியை வைத்துக்கொண்டு ஜெயச்சந்திரனே இங்கிலீஷில் எழுதினான். காகித ஜன்னல் வைத்த வீட்டில் ஒரு ராணி இருக்கிறாள், கடல் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியேறி வருகிறது, ராணி மழையைக் கடன் கேட்கிறாள். அர்த்தமே இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினான். எழுதி முடித்ததும் அவனுக்கே பிடித்துப் போனதுதான் வேடிக்கை.

படம் போட்டது ஆர்ட்டிஸ்ட் சோணைமுத்து. காலமெல்லாம் காலண்டருக்கு லட்சுமியும் முருகனும் போட்ட கை. பழைய உறையைப் பார்த்து நாலு வெள்ளைக்காரனையும் வரைந்தார். நாலு பேருக்கும் கண் தாமரை இதழ் மாதிரி வந்துவிட்டது.

"நெத்தி வெறிச்சுன்னு கெடக்கே தம்பி, பொட்டு வச்சிருவமா?" என்றார்.

"ஐயையோ, வேண்டாம்ணே."

பொட்டைத் தடுத்தவன் இன்னொன்றைக் கவனிக்கவில்லை. எந்த அச்சுப் பிளேட்டில் கை வைத்தாலும் மேல் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் சோணைமுத்து அடுத்த கோடு இழுப்பார். அந்த அச்சாபீஸில் வெளியாகிற யானை வெடி லேபிளிலும் உண்டு, கல்யாணப் பத்திரிகையிலும் உண்டு. பிறந்ததிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தென்படாது. தன் மூக்கைத் தான் பார்க்கிறவன் யார்?

ஞாயிற்றுக்கிழமை உறையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். பம்பாயிலிருந்து ஒரு சிநேகிதன் அனுப்பினான், தட்டு உடைந்துவிட்டது என்று வருத்தமாகச் சொன்னான். லட்சுமிகாந்தம் கை நீட்டினான். ஆனால் அதற்குள் சங்கரபாண்டியன் அதைப் பறித்துக்கொண்டான். முன்னும் பின்னும் திருப்பினான்.

"இதையா சொல்லுத? இதை நான் போன மாசமே பம்பாயில கேட்டாச்சுலே!"

குழி தோண்டியது ஒருவனுக்கு, விழுந்து உட்கார்ந்திருப்பவன் வேறு ஒருவன். அதுவும் அவன் சாமானியனா? இப்போது உடைத்தால் உடைவது மச்சானின் மூக்கு. அப்புறம் பெண்ணும் கிடையாது, லேபிளும் கிடையாது. ஜெயச்சந்திரன் பற்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சங்கரபாண்டியன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். "காகித ஜன்னல் வீடுன்னா கம்பெனி. லேசா தீ பட்டாப் போச்சு. உள்ள இருக்க ராணி யாரு? மொதலாளியோட மனசு. கடல்னா வெளிநாட்டு ஆர்டர். பிரமாதமா எழுதிருக்கான்! இவனுக எழுதினதுலயே இதான் ஒசத்தி. எப்படிக் காந்தம்?"

லட்சுமிகாந்தம் உறையை வாங்கிப் படித்தான். நெற்றி சுருங்கியது. "அண்ணாச்சி, இது அவுக பாட்டு மாதிரி தெரியலையே. எதுகையெல்லாம் பள்ளிக்கூடப் பையன் எழுதுன மாதிரி டக்கு டக்குன்னு வந்து விழுது. அவுக இப்படி எழுத மாட்டாக. யாரோ வெளையாடிருக்காக."

"நான் காதால கேட்டேங்கேன், வெளையாட்டுங்கியே!"

அப்போதுதான் லட்சுமிகாந்தத்தின் கண் உறையின் மூலைக்குப் போனது. குனிந்து உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, இங்கன பாருங்க, பிள்ளையார் சுழி போட்டிருக்கு!" என்று வாய்விட்டுச் சிரித்தான்.

ஜெயச்சந்திரன் எட்டிப் பார்த்தான், சோணைமுத்துவின் சுழியேதான். சங்கரபாண்டியன் உறையைப் பிடுங்கிப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகத்தில் எல்லாம் தெரிந்தது. இது மாமன் அச்சாபீஸ் சரக்கு என்பது பட்டாசுக்காரனுக்கா புரியாது? ஆனால் கேட்டேன் என்று சொல்லியாயிற்று. சொன்னதை விழுங்குகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"இருக்கட்டுமே" என்றான் நிதானமாக. "இப்ப வெள்ளக்காரனுக பூராவும் சாமியார் பின்னால நம்ம ஊருக்குல்லா வாரானுக? சித்தார் வாசிக்கான், காவி கட்டுதான். இவனுக பிள்ளையார் சுழி போட்டிருக்கானுக. அதான் இவனுக புது ஸ்டைலு. படிச்சவனுக்கு இது தெரியலையாக்கும்?"

கதவோரத்தில் ஒரு சத்தம் கேட்டது. காப்பித் தட்டோடு நின்ற தங்கத்தாய் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். லட்சுமிகாந்தம் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. தப்பான வீட்டில் சிரித்தார்கள்.

சங்கரபாண்டியன் எழுந்துபோய் ரெக்கார்டு பிளேயரை நிறுத்தினான். தங்கச்சி கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தான். "நீ இங்கனயே நில்லு" என்றான் அவளிடம். பிறகு லட்சுமிகாந்தத்தின் தோளில் பாசமாகக் கை போட்டான்.

"வெள்ளிக்கிழமை உங்க ஆத்தா வாராகள்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"சேலையெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அண்ணாச்சி. அரக்குல."

"நல்லது. இது டின் பிஷப்ஸ் பாட்டுத்தான், நீங்க சொல்ற அர்த்தந்தான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. வரச் சொல்லு ஆத்தாவ."

லட்சுமிகாந்தம் உறையைப் பார்த்தான். பிறகு தங்கத்தாயைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு வடிந்துபோய்ப் பயம் ஏறியிருந்தது. அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிருங்க என்று கெஞ்சினாளா, சொல்லாதீக என்று கெஞ்சினாளா, ஜெயச்சந்திரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. லட்சுமிகாந்தத்துக்கு என்ன தோன்றியதோ, தலையைக் குனிந்துகொண்டான். ஓடக்காரன் பாட்டுக்காக மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றவன் அவன்.

"நீங்க சொல்றதுதான் சரி அண்ணாச்சி. அவுக பாட்டுத்தான்."

"சுழி?"

"அவுக புது ஸ்டைலுதான்."

"சத்தமா."

"அவுக புது ஸ்டைலுதான் அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் திருப்தியாகத் தலையாட்டினான். தோளில் போட்ட கையை எடுத்தான்.

"இப்பச் சொன்னியே, இது பொய்யி. உனக்கே தெரியும். ஒரு பொண்ணுக்காக ஒரு நிமிசத்துல பேச்ச மாத்துறவன், நாளைக்கு என்னத்துக்கெல்லாம் மாத்துவ? இந்த மாதிரி ஆளுக்கா என் தங்கச்சியக் கொடுக்க? ஆத்தாகிட்டச் சொல்லிரு, வர வேண்டாம்னு. உறைய எடுத்துக்கோ, ஞாபகமா வச்சுக்கோ."

லட்சுமிகாந்தம் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தான். உண்மையைச் சொன்னபோது சிரித்தான் என்று கோபம், பொய் சொன்னபோது புளுகன் என்று தீர்ப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். பஸ் நிலையம் வரைக்கும் அந்த உறையைக் கையில் பிடித்துக்கொண்டே போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பாவி மனுஷன், அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டாவது போயிருக்கலாம்.

தங்கத்தாய் அழவில்லை. "அண்ணே, காப்பி ஆறிப்போச்சு, வேற கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஆவணியில் ஜெயச்சந்திரனுக்கும் தங்கத்தாய்க்கும் கல்யாணம் நடந்தது. மச்சானே வலிய வந்து கேட்டான். அந்தச் சுழியைப் பார்த்ததிலிருந்தே சங்கரபாண்டியனுக்கு எல்லாம் தெரியும். தன் மானத்தைக் காப்பாற்றி வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குக் கொடுத்த கூலி அது. தெரியும் என்று இருவரும் கடைசிவரை சொல்லிக்கொள்ளவில்லை. ஜெயச்சந்திரன் பட்டுவேட்டியில் மாப்பிள்ளையாக உட்கார்ந்து, உலகத்தில் தன்னை மிஞ்சின புத்திசாலி இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவள் குறை வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, மடித்த வேட்டி, மரியாதையான பேச்சு. சிரிப்பு மட்டும் இல்லை. அன்று மாடியில் அவள் குலுங்கிச் சிரித்ததை ஜெயச்சந்திரனால் மறக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு ஒரு தடவையாவது தனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஏங்கிப் போனான். தீபாவளி சீசன் முடிந்து ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது, கிச்சுக்கிச்சு மூட்டுகிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"உனக்கு ஒரு வெசயம் தெரியுமா? அந்த ராணிப் பாட்டை எழுதுனதே நான்தான். உங்க அண்ணன் அதுக்குப் பொழிப்புரை சொன்னாரே, எப்படி!"

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் அத்தான். மாமா அச்சாபீஸ் மைவாசம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவுக எனக்காகத் தலையக் குனிஞ்சிட்டாக. அவுகளே குனிஞ்ச பெறகு நான் நிமிந்து பேசி, அவுகள இன்னும் கேவலப்படுத்தவா?" நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். "ஒண்ணு கேக்கேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம. அண்ணன்கிட்ட, எல்லார் முன்னாலயும், நான்தான் எழுதுனேன்னு நீங்க சொல்லுவீகளா? எனக்காக? சொன்னீகன்னா, பழசையெல்லாம் இதோட விட்டுருதேன். உங்க பொண்டாட்டியா மனசார இருக்கேன்."

ஜெயச்சந்திரன் சுவரைப் பார்த்தான். மச்சானின் முகம் வந்தது. அப்பாவின் அச்சாபீஸ் வந்தது. அடுத்த சீசன் லேபிள் வந்தது. "அதெப்படித் தாயி... அவரு மொகத்துல கரியப் பூசுன மாதிரி ஆயிரும்லா?" என்றான்.

"சரி அத்தான்" என்றாள் அவள். கோபப்படவே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மாடி அறையில் கூட்டம் நிறைந்திருந்தது. சங்கரபாண்டியன் இப்போதெல்லாம் எதிர்த்துப் பேசுகிறவர்களைச் சேர்ப்பதில்லை. கம்பெனி மேனேஜர், இரண்டு ஏஜெண்டுகள், காகித வியாபாரி ஒருவர், எல்லாரும் டின் பிஷப்ஸைக் கேட்டுத் தொடையில் தாளம் தட்டினார்கள். தங்கத்தாய் காப்பி கொண்டு வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். கடைசியாகப் புருஷனுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

"அண்ணே, அந்த ராணிப் பாட்டுக்கு இவுக இன்னும் ஆழமா அர்த்தம் சொல்லுவாகளாம். நேத்து வீட்டுல ஆரம்பிச்சாக, எனக்குச் சரியா வெளங்கல. இங்கன சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

சங்கரபாண்டியன் ஜெயச்சந்திரனைப் பார்த்தான். கண் மட்டும் ஒரு கணம் கூர்மையானது. பிறகு வாயெல்லாம் பல்லாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "என் தங்கச்சி கேக்கால்லே, சொல்லுலே" என்றான்.

ஏஜெண்டுகள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஜெயச்சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, காகித ஜன்னல் என்றால் என்ன என்று தொடங்கினான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தபோது, அவள் மரியாதையாக ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எனக்கு இன்னும் வெளங்கல அத்தான். மொதல்ல இருந்து சொல்லுங்க. வெளங்கலேன்னா அடுத்த வாரமும் கேக்கேன்."

அவன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.